கேட் தேர்வுக்கு எத்தனை மார்க் குறி? கடலூர் மழையையும் கணக்கில் சேர்த்து ஒரு திட்டம்

போன ஆடி மாதம் ஒரு சாயங்காலம் சித்தி பையன் வீட்டுக்கு வந்தான். மெக்கானிக்கல் கடைசி வருடம். கையில் ஒரு புது நோட்டு. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 80 என்று எழுதி வட்டம் போட்டிருந்தான்.

"எதுக்குடா 80?"

"80 குறி வெச்சாத்தான் 60 வரும்னு சொன்னாங்கண்ணா."

"யாரு சொன்னது?"

"எல்லாரும்தான்."

சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. நானும் முதல் தடவை கேட் எழுதும்போது 75 என்று எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியவன்தான். வந்தது 33. இரண்டாம் தடவை சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே 52-க்குக் குறி வைத்தேன், 50 வந்தது. இடையில் ஞானோதயம் ஒன்றும் நடக்கவில்லை. 75 என்பது காற்றில் பறந்து வந்த எண். 52 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என்னால் கணக்குப் போட்டுக் காட்ட முடிந்தது. அந்தக் கணக்கைத்தான் அன்றைக்கு அவனுக்குச் சொன்னேன். உதாரணங்கள் மெக்கானிக்கலில் இருந்து வந்தாலும் சிவில், எலக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் என்று யாருக்கும் முறை ஒன்றுதான்.

தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. எம்.டெக். சேர்க்கைக்கான தேர்வு, பெரும்பாலும் பிப்ரவரி முதல் பாதியில் வரும். பெங்களூரு ஐஐஎஸ்சியும் ஏழு பழைய ஐஐடிகளும் முறை வைத்து நடத்துகின்றன. கம்ப்யூட்டரில் மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மார்க். ஒரு மார்க் கேள்வி 30, இரண்டு மார்க் கேள்வி 35. பெரும்பாலான இன்ஜினியரிங் பேப்பர்களில் ஆப்டிட்யூட் 15, மேத்ஸ் 13, மீதி 72 உங்கள் பாடம். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் (எம்சிகியூ) தப்பு விட்டால் அந்தக் கேள்வியின் மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு கழியும். ஒன்றோ அதற்கு மேலோ சரியான விடை இருக்கக்கூடிய கேள்வியிலும், விடையை எண்ணாக நாமே தட்ட வேண்டிய கேள்வியிலும் தப்புக்குக் கழிவு இல்லை. ஸ்கோர் மூன்று வருடம் செல்லும்.

சீட்டிலிருந்து பின்னால் வாருங்கள்

முதலில் மார்க்கை மறந்துவிட்டு எங்கே சேர ஆசை என்று ஐந்து இடங்களை எழுதுங்கள். ஐந்தும் ஐஐடியாக இருக்க வேண்டாம். திருச்சி என்ஐடி, காரைக்காலில் உள்ள புதுச்சேரி என்ஐடி, சூரத்கல் என்று கலந்து போடுங்கள். எந்தப் பிரிவு என்பதையும் எழுதுங்கள். தெர்மல் ஒரு ஸ்கோரில் முடியும், டிசைன் இன்னொரு ஸ்கோரில் முடியும்.

என்ஐடிகளுக்கு சிசிஎம்டி என்ற பொதுக் கலந்தாய்வு உண்டு. எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த இட ஒதுக்கீட்டில், எந்தச் சுற்றில், எந்த ஸ்கோரோடு சீட் முடிந்தது என்பதை அவர்களே வெளியிடுகிறார்கள். உங்கள் ஐந்து இடங்களுக்கும் மூன்று வருட எண்களை எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். கடைசிச் சுற்றின் எண்தான் கணக்கு. முதல் சுற்றைப் பார்த்தால் வீணாகப் பயந்துபோவீர்கள். ஐஐடிகளில் துறைக்குத் துறை தனி வரம்பு, சில இடங்களில் எழுத்துத் தேர்வோ நேர்முகமோ உண்டு. அதை அந்தந்தத் துறையின் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும்.

நெய்வேலி, வடலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆசையும் இருக்கும். என்எல்சி பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளர்களை கேட் ஸ்கோர் பார்த்து எடுத்த ஆண்டுகள் உண்டு. ஆசைப்படலாம். ஆனால் பொதுத்துறை வேலைக்கு அறிவிப்பு எப்போது வரும், எத்தனை இடம் வரும் என்பது நம் கையில் இல்லை. அதை வைத்து குறியை நிர்ணயிக்காதீர்கள். எம்.டெக். சீட்டை வைத்து நிர்ணயித்துக்கொள்ளுங்கள், வேலை வந்தால் லாபம்.

ஸ்கோரை மார்க்காக மாற்றுவது

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். சீட் முடிவது ஸ்கோரில், 1,000-க்கு. நாம் வாங்குவது மார்க், 100-க்கு. 590 ஸ்கோர் என்றால் 59 மார்க் என்று எண்ணிக்கொண்டு வருடம் முழுக்கத் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு நேர்கோடு, அவ்வளவுதான். பொதுப் பிரிவின் தகுதி மார்க் (தேர்ச்சிக்கு வேண்டிய குறைந்தபட்ச மார்க்) எதுவோ அதற்கு 350 ஸ்கோர். முதல் 0.1 சதவீதம் பேர் அல்லது முதல் 10 பேர், இதில் எது பெரிய கூட்டமோ அவர்களுடைய சராசரி மார்க்குக்கு 900 ஸ்கோர். மற்ற எல்லாரும் இந்த இரண்டு புள்ளியை இணைக்கும் கோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் எந்த இட ஒதுக்கீட்டில் இருந்தாலும் கோடு போடுவது பொதுப் பிரிவின் தகுதி மார்க்கை வைத்துத்தான்.

மேல் புள்ளி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. போன வருடம் எழுதிய சீனியர் ஒருவரின் ஸ்கோர்கார்டை வாங்குங்கள். மார்க், ஸ்கோர், தகுதி மார்க் மூன்றும் அதில் இருக்கும். ஒரு உதாரணம்: தகுதி மார்க் 30, அவர் எடுத்தது 46, ஸ்கோர் 526. 30-லிருந்து 46-க்குப் பதினாறு மார்க் ஏறினார், ஸ்கோர் 350-லிருந்து 176 ஏறியது. 176-ஐ 16-ஆல் வகுத்தால் 11. அந்த வருடம் அந்தப் பேப்பரில் ஒரு மார்க்குக்கு 11 ஸ்கோர்.

நீங்கள் ஆசைப்படும் சீட் 590-ல் முடிந்தது என்றால் 350-க்கு மேல் 240 வேண்டும். 240-ஐ 11-ஆல் வகுத்தால் 21.8. தகுதி மார்க் 30-ஐக் கூட்டினால் 51.8. ஆக 52 மார்க். தம்பியின் நோட்டில் இருந்த 80 எங்கே, இந்த 52 எங்கே!

இது ஒரு வருடத்துக் கோடு. பேப்பர் கஷ்டமாக வந்தால் தகுதி மார்க் இறங்கும், கோட்டின் சரிவும் மாறும். அதனால் மூன்று வருட ஸ்கோர்கார்டுகளைத் தேடிப் பிடித்து மூன்று தடவை இதே கணக்கைப் போட்டு, வரும் மூன்று மார்க்கில் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வேளைகளில் நடக்கும் பேப்பர் என்றால் சமன்செய்த மார்க்கைத்தான் எடுக்க வேண்டும், கார்டில் அதுதான் அச்சாகியிருக்கும்.

இன்றைக்கு எங்கே நிற்கிறீர்கள்

குறி எவ்வளவு என்று தெரிந்ததும் படிக்க உட்காராதீர்கள். முதலில் பழைய கொஸ்டின் பேப்பர் ஒன்றை முழுசாக எழுதுங்கள். தயாராகிவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் அந்த நாள் டிசம்பரில்தான் வரும். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்து பன்னிரண்டரைக்கு எழுந்திருக்க வேண்டும். ஃபோன் வேறு அறையில். கையில் கால்குலேட்டர் கூடாது. தேர்விலும் கிடையாது, திரையில் ஒரு கால்குலேட்டர் வரும், மவுஸால்தான் அமுக்க வேண்டும். தேர்வுத் தளத்தில் இலவச மாதிரித் தேர்வு இருக்கிறது, அதே கால்குலேட்டர் அதிலும் இருக்கும். நான் முதல்முறை அதைத் தொட்டபோது தெரியாமல் ரேடியனுக்கு மாற்றிவிட்டு சைன் 30 போட்டேன். மைனஸ் 0.988 வந்தது. சைன் 30 அரை என்பது தெரியும் என்பதால் பிழைத்தேன். சைன் 37 என்றிருந்தால் வந்ததை அப்படியே எழுதியிருப்பேன்.

தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மாடியிலேயே உட்கார்ந்து எழுதினான். வந்தது 31. முகம் தொங்கிவிட்டது. "இருடா, இந்த 31-ஐப் பிரிச்சுப் பார்ப்போம்" என்றேன். டீ வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பிரித்தோம். வழிகாட்டி முழுவதிலும் இந்த ஒரு படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஒரு மார்க் கேள்வியில் 15 சரி, இரண்டு மார்க் கேள்வியில் 11 சரி. ஆக 37 மார்க் சம்பாதித்திருக்கிறான். ஒரு மார்க்கில் 6 தப்பு, இரண்டு மார்க்கில் 6 தப்பு. அதில் 2-ம் 4-ம் சேர்ந்து 6 கழிந்து 31. இதுபோக எண் தட்டும் கேள்வியில் 9 தப்பு, கழிவு இல்லை. தொடாமல் விட்டது 18.

அப்புறம் ஒவ்வொரு தப்பின் பக்கத்திலும் ஏன் என்று எழுதச் சொன்னேன். 'தெரியல' என்று எழுத அவன் தயாராக இருந்தான். ஆனால் பார்த்தால் எண் தட்டும் கேள்வியில் நான்கு, வழி சரி, கடைசி வரியில் கோட்டை விட்டிருக்கிறான். ஒன்றில் செல்சியஸைக் கெல்வினாக மாற்றவில்லை. ஒன்றில் விட்டத்தை ஆரம் என்று போட்டிருக்கிறான். ஒன்றில் கேஜ் பிரஷரோடு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டாமல் அப்படியே வைத்துவிட்டான். இன்னொன்றில் கிலோவுக்கும் மெகாவுக்கும் குழப்பம். நான்கும் சேர்ந்து 7 மார்க். எம்சிகியூ தப்பில் மூன்று, கேள்வியைத் தப்பாகப் படித்தது. 'எது சரியல்ல' என்று கேட்டிருக்க, எது சரி என்று பதில் சொல்லியிருக்கிறான். ஒரு மார்க் கேள்வி இரண்டு, இரண்டு மார்க் கேள்வி ஒன்று. தப்பைத் திருத்தினால் கழிவும் திரும்பக் கிடைப்பதால் இந்த மூன்றில் மட்டும் 5.33 மார்க். ஆக ஒரு புது வரிகூடப் படிக்காமல் 12 மார்க்குக்கு மேல் தரையில் கிடக்கிறது.

அதையெல்லாம் பொறுக்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கவனப் பிசகு முழுசாகப் போகாது. பாதி என்று வையுங்கள், 6. 31 இப்போது 37 ஆகிறது. ஆப்டிட்யூடில் அவனுக்கு 15-க்கு 8. இதை 12 ஆக்குவது நடக்கிற காரியம், 4 கூடி 41. மேத்ஸில் 13-க்கு 5. இதை 10 ஆக்கலாம், 5 கூடி 46. மீதி 72-ல் அவன் எடுத்திருந்தது வெறும் 18. அதில் மூன்று பாடங்களைத் தொட்டதே இல்லை. அவற்றிலிருந்து 7, 8 மார்க் எதிர்பார்ப்பது பேராசை இல்லை. ஆக 53, 54. அவன் கவனப் பிசகுகள் எல்லாம் தெர்மோ, மெஷின் டிசைன் மாதிரி பாடக் கேள்விகளில் இருந்ததால் இந்தக் கூட்டலில் எதுவும் இரண்டு தடவை சேரவில்லை. உங்கள் பேப்பரில் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டிலிருந்து வந்தது 52. அவன் பேப்பரிலிருந்து வந்தது 53. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அந்தக் குறி நிஜம். கோடு 68 கேட்டு, பேப்பர் 50-தான் தருகிறது என்றால் இரண்டில் ஒன்று மாற வேண்டும்: ஐந்து இடங்களின் பட்டியல், அல்லது இந்த வருடம் என்ற பிடிவாதம். அதை ஆகஸ்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

நோட்டில் ஒரு எண்ணுக்குப் பதில் மூன்று எண் எழுதுங்கள். இதற்குக் கீழே போகக் கூடாது என்பது ஒன்று, தம்பிக்கு 45. எட்டக்கூடியது, 53. எல்லாம் கூடிவந்தால் என்ற ஆசை, 60. தினம் பார்க்க வேண்டியது நடு எண்ணை மட்டும். பட்டியலில் உள்ள ஐந்து இடங்களையும் இந்த மூன்று எண்ணுக்கு நேரே பிரித்து எழுதிவிட்டால் பிப்ரவரியில் தேள் கொட்டியது போல் துடிக்க வேண்டியிருக்காது.

உங்களிடம் எத்தனை மணி நேரம் இருக்கிறது

நான் சேர்ந்த ஒரு கோச்சிங் சென்டரில் எல்லாருக்கும் ஒரே டைம்டேபிள் கொடுத்தார்கள், தினம் பத்து மணி நேரம். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவனுக்கும் அதே தாள், வீட்டில் சும்மா இருப்பவனுக்கும் அதே தாள். மூன்றாவது நாளே கிழிந்தது. கோச்சிங் தப்பு என்று சொல்லவில்லை. என்பிடெல்லில் ஐஐடி பேராசிரியர்களின் வீடியோ பாடங்கள் இலவசமாக இருக்கும்போது பாடத்துக்குக் காசு கொடுப்பதைவிட நல்ல டெஸ்ட் சீரிஸுக்குக் கொடுப்பது மேல் என்பது என் கட்சி.

ஒரு வாரம், திட்டமே போடாமல், படித்த நேரத்தை மட்டும் எழுதி வாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்த நேரம் கணக்கில்லை, பேனா ஓடிய நேரம். தம்பி தினம் ஆறு மணி நேரம் படிப்பதாகச் சொன்னான், அதாவது வாரம் 42. எழுதிப் பார்த்தால் 16. பண்ருட்டியிலிருந்து கல்லூரி பஸ்ஸில் போய்வருவதிலேயே நாளுக்கு இரண்டரை மணி நேரம் கரைகிறது. அவன் பொய் சொல்லவில்லை, அளந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இப்போது பெருக்குங்கள். ஆகஸ்ட் ஆரம்பத்திலிருந்து பிப்ரவரி ஆரம்பம் வரை 26 வாரம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சேர்த்து ஒரு வாரம் போனது. மழைக்கு இரண்டு வாரம், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். மீதி 23 வாரம், 16 மணி நேரம் வீதம் 368. கடைசி ஆறு வாரம் டெஸ்டுக்கும் ரிவிஷனுக்கும், 96 மணி. பாடம் படிக்கக் கையில் இருப்பது 272 மணி நேரம்.

மேத்ஸுக்கு 45, ஆப்டிட்யூடுக்கு 20 ஒதுக்கினால் 207. ஒரு பாடத்தைப் படித்து, அதன் பழைய கேள்விகளையும் போட்டு முடிக்க ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும். ஆக எட்டுப் பாடத்துக்குத்தான் இடம். சிலபஸ் முழுக்க முடிப்பேன் என்ற சபதம் இந்த வகுத்தலில் அடிபட்டுவிடும், அடிபடட்டும்.

எதை எடுப்பது, எதை விடுவது

மேத்ஸும் ஆப்டிட்யூடும் சேர்ந்து 28 மார்க். 53-க்குக் குறி வைப்பவனுக்கு இது பாதிக்கு மேல். இதை ஜனவரிக்குத் தள்ளுவது போல முட்டாள்தனம் வேறில்லை, நானே செய்திருக்கிறேன். ஆப்டிட்யூடைப் பஸ்ஸில் போடுங்கள், தினம் பத்துக் கேள்வி.

பாடங்களில் ஒன்று இன்னொன்றுக்குப் படிக்கட்டு. இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் இல்லாமல் எஸ்ஓஎம் (ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், பொருள்களின் வலிமை) நிற்காது, எஸ்ஓஎம் இல்லாமல் மெஷின் டிசைன் நிற்காது. தெர்மோ முடித்தவனுக்கு ஐசி இன்ஜினும் ரெஃப்ரிஜரேஷனும் பாதி விலை. ஃப்ளூயிட் படித்துவிட்டு ஹீட் டிரான்ஸ்ஃபருக்குள் போனால் கன்வெக்‌ஷன் பழகிய முகமாக இருக்கும். அதனால் தனித்தனிப் பாடமாகப் பொறுக்காமல் கொத்தாக எடுங்கள். தம்பி எடுத்தது மெக்கானிக்ஸ், எஸ்ஓஎம், டிசைன் ஒரு கொத்து. தெர்மோ, அதன் பயன்பாடுகள், ஃப்ளூயிட் ஒரு கொத்து. எட்டாவது வரை வருவதற்கு மானுஃபாக்சரிங்கும் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்கும். இன்வென்ட்டரி, பெர்ட் மாதிரி தலைப்புகள் சூத்திரம் தெரிந்தால் மார்க் தருபவை. வைப்ரேஷனை விட்டான். ஹீட் டிரான்ஸ்ஃபரை விடும்போது மனசு வரவில்லை, நேரம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று ஓரமாக எழுதிவைத்தான். மிஞ்சவில்லை.

மழை

வெளியூரில் தயாரிக்கும் திட்டங்களில் இந்தத் தலைப்பே இருக்காது. நமக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, தேர்வுக்குச் சரியாக முந்தைய மாதங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. அது முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிக் கடலூருக்குள் புகுந்தது. வீட்டுக்குள் தண்ணீர் வருகிறபோது பையன் மாடியில் உட்கார்ந்து கணக்குப் போட முடியாது, அரிசி மூட்டையைத் தூக்க வேண்டும்.

அதனால்தான் இரண்டு வாரத்தை முன்கூட்டியே தூக்கி எறிந்தேன். மழை ஏமாற்றிவிட்டால் அந்த வாரங்கள் இனாம். திட்டத்தில் இடமில்லாமல் மழை வந்தால், ஒரு வாரம் விட்டுப்போன குற்ற உணர்ச்சியில் அடுத்த இரண்டு வாரமும் போய்விடும்.

அக்டோபர் முதல் வாரத்துக்குள் ஒரு காரியம் செய்துவிடுங்கள். கடைசிப் பத்து வருட கேள்விகளைப் பாட வாரியாக ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்யுங்கள். என்பிடெல் வீடியோக்களை டவுன்லோட் செய்து வையுங்கள். சூத்திரங்களை உங்கள் கையெழுத்தில் இருபது பக்கத்துக்குள் எழுதுங்கள். இவ்வளவும் ஒரு பாலிதீன் உறையில் போகட்டும். கரண்ட் இல்லாத நாளில் புதுப் பாடம் வேண்டாம், சார்ஜ் லைட் வெளிச்சத்தில் பைண்டிங்கைப் பிரித்துப் பழைய கேள்விகளைப் போடுங்கள். நான் உருப்படியாக எஸ்ஓஎம் கற்றுக்கொண்டது அப்படிப்பட்ட நான்கு நாளில்தான்.

தப்பு நோட்டு, டெஸ்ட், டிசம்பர்

செப்டம்பரிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு முழு டெஸ்ட், கடைசி ஆறு வாரத்தில் வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் அந்த 31-ஐப் பிரித்த மாதிரியே பிரிக்க வேண்டும். டெஸ்ட் மூன்று மணி நேரம் என்றால் பிரிப்பதற்கு இரண்டு. பிரிக்காத டெஸ்ட் எழுதாத டெஸ்டுக்குச் சமம்.

தப்புகளுக்குத் தனி நோட்டு. கேள்வியைத் திரும்ப எழுத வேண்டாம், ஒரு வரி போதும்: 'கெல்வின் மறந்தேன்', 'விட்டம்-ஆரம்', 'அல்ல என்ற சொல்லைப் பார்க்கவில்லை'. அடுத்த டெஸ்டுக்கு முன் பத்து நிமிடம் அதைப் படியுங்கள். தம்பி நோட்டில் கெல்வின் ஐந்து தடவை வந்தது. ஐந்தாவது தடவை அவனே வெட்கப்பட்டுக்கொண்டு ரஃப் தாளின் மேல் ஓரத்தில் 273 என்று எழுதிவைத்துவிட்டுத் தொடங்க ஆரம்பித்தான். அப்புறம் வரவில்லை.

எங்கே நிற்கிறோம் என்று பார்க்கக் கடைசி மூன்று டெஸ்டை எடுத்து நடு மார்க்கைப் பாருங்கள். 41, 52, 46 என்றால் நீங்கள் 46. மனம் 52-ஐப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். டிசம்பர் கடைசியில் இந்த நடு மார்க் குறிக்கு ஏழெட்டு மார்க்குக்குள் இருந்தால் சரி, அப்படியே போங்கள். அதைவிடக் கீழே என்றால் புதுப் பாடம் ஒன்றும் எடுக்காதீர்கள். படித்ததிலேயே தப்பைக் குறைப்பதுதான் மீதி ஐந்தாறு வாரத்தில் பலன் தரும். மூன்று எண்ணில் கீழ் எண்ணைக் குறியாக மாற்றிக்கொண்டு, அதற்கு நேரே எழுதிய இடங்களைத் திரும்பப் பாருங்கள்.

அந்த மூன்று மணி நேரம்

53 வாங்க 65 கேள்வியும் போட வேண்டியதில்லை. ஒரு மார்க் கேள்வியில் 22 சரி, இரண்டு மார்க்கில் 17 சரி என்றால் 56. அதோடு இரண்டு வகை எம்சிகியூவிலும் மும்மூன்று தப்பு விட்டாலும் 3 கழிந்து 53. மொத்தம் தொட்டது 45 கேள்வி. இருபது கேள்வியை நீங்கள் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தாண்டிப்போகலாம். 180 நிமிடத்தை 45-ஆல் வகுத்தால் ஒரு கேள்விக்கு நான்கு நிமிடம். இதைச் சொன்னபோதுதான் தம்பி முகத்தில் முதல்முறையாக ரத்தம் ஓடியது.

நெகட்டிவ் மார்க் பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் கால் வாசி நேரம் ஒரு மார்க் வரும், முக்கால் வாசி நேரம் மூன்றில் ஒரு பங்கு போகும். சராசரியாக வரவும் இல்லை, செலவும் இல்லை. ஒரு விடையை நிச்சயமாகத் தப்பு என்று நீக்கிவிட முடிந்தால் லாபம் உங்கள் பக்கம் சாயும், இரண்டை நீக்க முடிந்தால் தைரியமாகப் போடலாம். கழிவே இல்லாத கேள்விகளை மட்டும் காலியாக விட்டுவிட்டு எழுந்திருக்காதீர்கள்.

நகரம் விருப்ப வரிசையில்தான் கேட்பார்கள், நினைத்த ஊர் கிடைக்கும் என்று இல்லை. காலை ஒன்பதரை மணித் தேர்வுக்குச் சென்னை விழுந்தால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள். விடிகாலை பஸ்ஸில் போய் எழுதுவது வீரம் இல்லை.

இன்னொன்று, படிப்புக்குச் சம்பந்தமில்லாதது, ஆனால் சீட்டையே சாப்பிடக்கூடியது. நம் பக்கம் பிசி, எம்பிசி சான்றிதழ் எல்லார் வீட்டிலும் இருக்கும். கலந்தாய்வில் அது செல்லாது. மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயரில் இல்லை என்று சொல்லும் ஓபிசி சான்றிதழ் வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டில் வாங்கியதாக. ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கலந்தாய்வு தேதி வந்த பிறகு தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பவர்களை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

தம்பிக்கு 49.33 வந்தது. பட்டியலில் முதல் இரண்டு இடம் இல்லை, மூன்றாவது கிடைத்தது. மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வருகிறது, சித்திக்கு அதுதான் பெரிய செய்தி. அவன் ஸ்கோர்கார்டு நகல் என் ஃபோனில் இருக்கிறது. இந்த ஆடியில் எதிர்வீட்டுப் பையன் வந்தான், சிவில் பேப்பர் எழுதப்போகிறானாம், அவனுக்குத்தான் அது உதவாது. சிவில் எழுதிய யாராவது ஒருவரின் கார்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.